நாலாம் குளத்துக்குத் தீவனம் கலந்தவன்

என் தம்பியைப் பண்ணையில் எல்லோரும் நத்தை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவனுக்குக் கோபம் வராது. திரும்பிப் பார்ப்பான், அதுவும் அவசரமில்லாமல். பாதி நேரம் அவன் திரும்புவதற்குள் கூப்பிட்டவரே போயிருப்பார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். "யாருடா நத்தை? உன் வேலையைப் பாருடா" என்று நான் கத்துவேன். என்னை அவர்கள் லவுட்ஸ்பீக்கர் என்று சொல்வது எனக்குத் தெரியும். முகத்துக்கு நேரே சொல்லும் தைரியம் ஒருத்தனுக்கும் கிடையாது.

அவனுக்கு நாற்பத்தாறு வயது, எனக்கு ஐந்து வயது கூட. அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு ஆகி முடிந்தும் போயிற்று, அந்தக் கண்ணராவி இங்கே வேண்டாம். அப்பா அம்மா போன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான்.

பண்ணைக்கு வருவதற்கு முன் அவன் பார்க்காத வேலை இல்லை. எதிலும் ஆறு மாதம் தாண்டியதில்லை. ஐஸ் ஃபாக்டரியில் இவன் கட்டியைத் தூக்கி லாரியில் வைப்பதற்குள் பாதி கரைந்துவிடுகிறது என்று மேஸ்திரி அனுப்பிவிட்டார். மருந்துக் கடையில் சேர்த்துவிட்டேன். இவன் மாத்திரையைத் தேடி எடுத்துவருவதற்குள் வாங்க வந்தவருக்குக் காய்ச்சலே இறங்கிவிடுகிறது என்று கடைக்காரர் சொன்னார். பஸ்ஸில் கிளீனராகப் போனான். ஒரு நாள் இவன் பின் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்க, பஸ் இவனை விட்டுவிட்டே போய்விட்டது. அவன் நடந்தே வீட்டுக்கு வந்தான். சிரித்துக்கொண்டு வந்தான், அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல்.

ஒவ்வொரு இடத்திலும் அவனுக்காகப் பேசப் போனது நான்தான். கால் சுளுக்கு என்பேன், ராத்திரி முழுக்கக் காய்ச்சல் என்பேன், நான்தான் கடைக்கு அனுப்பினேன் அதனால் நேரமாகிவிட்டது என்பேன். பொய் என் வாயில் தண்ணீர் மாதிரி வரும். சொந்தத் தம்பிக்காகச் சொல்லாமல் வேறு யாருக்காகச் சொல்வது?

கடைசியில் இந்த இறால் பண்ணை. நான் அங்கே ஏற்கனவே கொட்டகை பெருக்கி, டிரம் கழுவி, வலை அலசிக்கொண்டிருந்தேன். பண்ணைக்குள்ளேயே ஓர் அறை கொடுத்திருந்தார்கள். ஜன்னலைத் திறந்தால் குளத்துக்குக் காற்றுக் கொடுக்கும் ஏரேட்டர் தண்ணீரை அடிக்கும் சத்தம், மூடினால் உள்ளே புழுக்கம். அந்த அறைக்குத்தான் தம்பியைக் கூட்டிவந்தேன். முதலாளியிடம் போய், "என் தம்பி ரொம்ப நிதானமானவன் முதலாளி" என்றேன். நிதானம் என்கிற நல்ல சொல் அந்த நேரத்தில் எப்படியோ வாயில் வந்தது. தீவனம் போடும் வேலை கொடுத்தார்.

அடடா, உலகத்தில் மெதுவாகச் செய்தே ஆகவேண்டிய ஒரு வேலை இருக்கும் என்று யார் கண்டார்கள்! இறால் மீன் மாதிரி பாய்ந்து வந்து தின்னாது. அடியில் கிடந்து, தீவனத்தைக் காலால் பிடித்து, சுரண்டிச் சுரண்டித் தின்னும். ஒரே இடத்தில் கொட்டினால் தின்றது போக மிச்சம் அடியில் கிடந்து அழுகும், தண்ணீர் கெடும். மற்ற ஆட்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு கரையில் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்று வந்து வீசிவிட்டு பீடி பிடிக்கப் போவார்கள். இவன் அடி அடியாக நடந்து, ஒரு கை அள்ளி, விசிறி, நின்று, தண்ணீரைப் பார்த்து, அப்புறம் அடுத்த அடி வைப்பான். பதறாத காரியம் சிதறாது என்பதை நான் அந்தக் கரையில்தான் கண்ணால் பார்த்தேன். அவன் போட்ட குளத்தில் இறால் எல்லாம் ஒரே அளவாக வளர்ந்தது. முதலாளியே வந்து நின்று பார்த்தார்.

செக் ட்ரே என்று ஒன்று உண்டு. வலை கட்டிய தட்டு. அதில் கொஞ்சம் தீவனம் வைத்துக் குளத்துக்குள் இறக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். காலியாக இருந்தால் இறாலுக்கு நல்ல பசி. மிச்சம் இருந்தால் ஏதோ சரியில்லை. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கிற கதைதான். தம்பி தட்டைத் தூக்கினால் மிச்சத்தை மட்டும் பார்க்க மாட்டான். தட்டில் ஏறி வந்த இறாலை உள்ளங்கையில் எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முதுகில் குடல் கோடு கருப்பாக நிறைந்து ஓடுகிறதா என்று பார்ப்பான். பார்த்துவிட்டு, தூங்கும் குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோலத் தண்ணீரில் விடுவான். எனக்குச் சிரிப்பாக வரும். "என்னடா, தாலாட்டும் பாடப் போறியா?" என்பேன்.

மூன்று வருடம் கழித்துத் தீவனத்தில் புரோபயாட்டிக் கலக்கும் வேலையையும் அவனிடமே கொடுத்தார்கள். அது நல்ல கிருமி உள்ள பொடி. இறாலின் குடலில் நல்ல கிருமி போய் இடம் பிடித்துக்கொண்டால் கெட்ட கிருமிக்கு இடம் இருக்காது, தின்றது செரிக்கும், உடம்பில் பிடிக்கும். சாயங்காலம் ஒரு வாளித் தண்ணீரில் வெல்லப்பாகைக் கரைத்து, அதில் பொடியைப் போட்டு மூடி வைப்பான். காலையில் நுரை கட்டி, இலேசாகப் புளித்த வாசனை அடிக்கும். அதைத் தீவனத்தின் மேல் தெளித்து, கையால் புரட்டி, ஒட்டுவதற்குப் பசை கலந்து, நிழலில் உலர்த்திக் குளத்துக்குக் கொண்டுபோவான். வெயிலில் காட்டவே மாட்டான்.

"அக்கா, இது உயிருள்ளது" என்று ஒரு நாள் பாக்கெட்டைக் காட்டிச் சொன்னான்.

"பொடிக்கு உயிரா? அப்ப மிளகாய்ப் பொடிக்கும் நாளையிலேர்ந்து சோறு வைக்கணுமா?"

அவன் சிரித்தான். விளக்கிச் சொல்லவில்லை. நான் பேச ஆரம்பித்தால் அவன் எதையும் விளக்குவதில்லை, சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அன்றைக்கு மட்டும் என் வாயை யாராவது துணியால் கட்டியிருக்கலாம்.

போன வருடம் முதலாளி தீவனம் வீசும் எந்திரம் வாங்கினார். மோட்டார் வைத்தது, தானே சுற்றித் தானே வீசும். ஒன்று, இரண்டு, மூன்றாம் குளங்களில் எந்திரம் நட்டாயிற்று. தம்பியைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இனிமே வீசறதுக்கு எனக்கு ஆள் வேணாம்ப்பா. நாலாம் குளத்தை உன் பொறுப்புல விடறேன். தீவனம், மருந்து, தண்ணி எல்லாம் நீதான். நூறு நாள் நல்லபடியா வந்துச்சுன்னா கலக்கற வேலை மொத்தமும் உனக்கே, நிரந்தரமா. வரலேன்னா எனக்கு வேற வழியில்ல. தப்பா நெனச்சுக்காதே."

"சரி முதலாளி" என்றான் இவன், ஒரு நிமிடம் யோசித்து.

அவ்வளவுதான் விஷயம். நாலாம் குளம் வந்தால் இவனுக்கு வாழ்க்கை. வராவிட்டால் நாற்பத்தாறு வயதில் மறுபடி ஐஸ் கட்டி, மறுபடி மேஸ்திரி, மறுபடி யாராவது கைதட்டிச் சிரிப்பது. எனக்கு அந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. இவனோ குளத்தைக் காயப்போட்டு, சுண்ணாம்பு போட்டு, தண்ணீர் நிரப்பி, குஞ்சு விட்டு, கரையில் மெதுவாக நடந்துகொண்டிருந்தான்.

மற்ற மூன்று குளங்களுக்கும் அந்தப் பக்கத்துக் கொட்டகையில் வேறு ஆட்கள் கலந்தார்கள். நாலாம் குளம் தனியே கடைசியில் கிடந்ததால் அதற்கென்று தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். அங்கே குழாய் இல்லை. மத்தியானம் நான் தொட்டியிலிருந்து ஹோஸ் போட்டு இழுத்து, கொட்டகையில் இருந்த நீல டிரம்மை நிரப்பி வைப்பேன். அதில்தான் தம்பி வெல்லப்பாகு கரைக்கத் தண்ணீர் மொள்வான்.

குஞ்சு விட்டுப் பதினைந்தாம் நாள் என்று நினைக்கிறேன். டிரம்மைத் திறந்தேன். தண்ணீர் முழுக்கக் கொசுப்புழு. துள்ளித் துள்ளி நெளிகிறது. எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. இந்தத் தண்ணீரிலா என் தம்பி மருந்து கரைக்கிறான்? இதனால்தானே எல்லா வியாதியும் வரும்? கொட்டிவிட்டு டிரம்மைத் தேய்த்துக் கழுவினேன், புதுத் தண்ணீர் விட்டேன். மூன்றாம் நாள் மறுபடி புழு. எனக்கு வந்ததே ஒரு வேகம், கழுவுவதற்கு வைத்திருந்த பிளீச்சிங் பவுடரை இரண்டு கைப்பிடி அள்ளி அந்தத் தண்ணீரிலேயே போட்டு மூடிவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தால் கண்ணாடி மாதிரி தண்ணீர். ஒரு புழு இல்லை. அப்பாடா என்றிருந்தது. அன்றிலிருந்து தினமும் மத்தியானம் இரண்டு கைப்பிடி. அவனுக்கு உதவியாக என்னால் முடிந்தது இதுதான் என்று மனசுக்குள் ஒரு பெருமை வேறு.

பிளீச்சிங் பவுடர் கிருமியைக் கொல்லும் என்று எனக்குத் தெரியாதா? அதற்காகத்தானே போட்டேன். அந்த வாளியில் அவன் கரைப்பதும் கிருமிதான் என்பது மட்டும் இந்த மரமண்டைக்கு எட்டவில்லை.

ஏதோ சரியில்லை என்பது அவனுக்கு எட்டியது. நாலைந்து நாளிலேயே வந்து என் முன்னால் நின்றான்.

"அக்கா, நுரையே வரலையே."

"புது பாக்கெட்டுடா அது. பழசுக்கு நுரை வந்துச்சுன்னா புதுசுக்கும் வரணுமா?"

"புளிச்ச வாசனையும் காணோம்."

"உனக்கு மூக்கு அடைச்சிருக்கு. போய் ஆவி பிடி."

அவன் நகரவில்லை. "ஏதோ மருந்து நெடி மாதிரி..." என்று இழுத்தான்.

"டிரம்மைக் கழுவுனேன்டா. கழுவாம அப்படியே நாறட்டுங்கறியா? வேலையத்துப் போய் வாசனை பிடிச்சுக்கிட்டு நிக்கறே பாரு. போ, போ."

போய்விட்டான். டிரம்மை நான் பிளீச்சிங் போட்டுக் கழுவி அலசுவது பண்ணையில் எல்லோருக்கும் தெரியும். தண்ணீரிலேயே விட்டுவைத்தேன் என்று அவன் எப்படி நினைப்பான்? அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். இந்த உலகத்தில் அவன் சந்தேகப்படாத ஒரே ஆள் நான்.

ஐம்பத்திரண்டாம் நாள் செக் ட்ரேயில் மிச்சம் வந்தது. அவன் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். மறுநாள் இன்னும் அதிக மிச்சம். உள்ளங்கையில் எடுத்துப் பார்த்த இறாலின் முதுகில் கோடு கருப்பாக இல்லை, வெளுத்து, அங்கங்கே விட்டுப்போயிருந்தது. அதற்கு அடுத்த நாள் காற்றடிக்கும் மூலையில் தண்ணீரின் மேல் வெள்ளை நூல் நூலாக மிதந்தது. இறாலின் கழிச்சல் அது. அது மிதந்தால் குளம் போன மாதிரிதான் என்பார்கள் பண்ணைக்காரர்கள்.

அவன் என்னென்னவோ செய்தான். தீவனத்தைப் பாதியாகக் குறைத்தான். சுண்ணாம்பு போட்டான். தண்ணீர் மாற்றினான். ஏரேட்டர் இன்னொன்று கேட்டு வாங்கி வைத்தான். அடியில் சேறு சேரும் இடத்தை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் காலால் தடவிப் பார்த்தான். கடைசியில் புரோபயாட்டிக் பொடியை இரண்டு மடங்காக்கினான். நான் அதற்கு இன்னும் சுத்தமான தண்ணீர் வேண்டும் என்று நாலு கைப்பிடி பிளீச்சிங் போட்டேன். சிரிக்காதீர்கள். எனக்கே அடித்துக்கொண்டு அழ வேண்டும் போலிருக்கிறது. தும்பை விட்டு வாலைப் பிடித்தான் அவன், வாலையும் சேர்த்து அறுத்தேன் நான்.

இறால் கரையோரம் ஒதுங்க ஆரம்பித்தது. கையை நீட்டினால்கூட ஓடவில்லை. காலையில் கரையைச் சுற்றி வந்து செத்ததை அவன் ஒவ்வொன்றாகப் பொறுக்குவான். வாளியில் அவை விழும் சத்தம் கொட்டகையில் இருக்கும் எனக்குக் கேட்கும். "ஏதாவது செய்டா" என்று ஒரு நாள் கத்திவிட்டேன்.

"என்னக்கா செய்யறது? எனக்குத் தெரிஞ்சது எல்லாம் செஞ்சுட்டேன்" என்றான். அவன் குரல் உடைந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

முதலாளி பரிசோதனைக் கூடத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு பெண் வந்தாள். பெரிய கண்ணாடி, கையில் ஒரு பெட்டி, முப்பது வயதுக்குள்தான் இருக்கும். குளத்துத் தண்ணீர், இறால், தீவனம் எல்லாம் எடுத்தாள். பிறகு கொட்டகைக்குள் வந்து வாளி மூடியைத் திறந்து குனிந்து முகர்ந்தாள். நிமிர்ந்து டிரம்மைப் பார்த்தாள். அதிலும் ஒரு குப்பி எடுத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கிக்கொண்டு போனாள்.

இரண்டு நாள் கழித்து வந்தாள். முதலாளி, தம்பி, நான், அவள், நாலு பேரும் கொட்டகையில் நின்றோம். ஒரு சின்ன வட்டக் கண்ணாடித் தட்டைக் காட்டினாள். அதில் நல்ல கிருமி வளர்ந்தால் புள்ளி புள்ளியாகத் தெரியுமாம். தட்டு துடைத்து வைத்ததுபோல் இருந்தது.

"உங்க வாளித் தண்ணியிலேர்ந்து எடுத்தது. ஒண்ணுமே வளரல. எல்லாம் செத்துப்போச்சு. டிரம் தண்ணியில குளோரின் அவ்வளவு இருக்கு. நாப்பது நாளா இறாலுக்கு வெறும் வெல்லத் தண்ணிதான் போயிருக்கு."

"அப்ப இதனாலதான் குளம் போச்சா?" என்றார் முதலாளி.

"அப்படி உறுதியாச் சொல்ல முடியாது சார். பழைய குளம், அடியில சேறு ஜாஸ்தி. நல்ல கிருமி உயிரோட போயிருந்தாலும் இந்த நோய் வந்திருக்கலாம். வராமலும் இருந்திருக்கலாம். இது ஒரு துணைதான், காவல்காரன் இல்ல." அவள் டிரம்மின் மேல் கையை வைத்தாள். "இதுல பிளீச்சிங் போட்டது யாரு?"

"நான்தான்" என்றான் தம்பி.

வாழ்க்கையில் அவன் யோசிக்காமல், இழுக்காமல், சட்டென்று பதில் சொன்னது அந்த ஒரு முறைதான். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டான். குளோரின் என்றதுமே அவனுக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நான் வாயைத் திறந்தேன். திறந்தது திறந்தபடியே நின்றது. ஊரையே கூட்டும் இந்த வாய், எத்தனையோ இடத்தில் அவனுக்காகப் பொய் பேசின வாய், உண்மையைச் சொல்ல வேண்டிய அந்த இடத்தில் அடைத்துப்போனது. பயந்துவிட்டேன். மூடி மறைத்து என்ன? வேலை போகும், அறை போகும் என்று அந்த ஒரு நொடியில் எனக்காகப் பயந்துவிட்டேன். முதலாளி தலையில் கையை வைத்துக்கொண்டு வெளியே போனார். அந்தப் பெண்ணும் பெட்டியை மூடிக்கொண்டு போனாள்.

அறைக்கு வந்ததும் அவன் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தேன். "ஏன்டா சொன்னே? யாருடா உன்னைச் சொல்லச் சொன்னது?"

"விடுக்கா."

"என்னடா விடறது? திட்டுடா என்னை! நாலு வார்த்தை திட்டித் தொலையேன்டா!"

அவன் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான். அதற்கும் ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டான்.

"நீ வெளியே போனா எங்கக்கா போவே? நான் எத்தனையோ இடத்துலேர்ந்து போயிருக்கேன். எனக்குப் போய்ப் பழக்கம்."

அடுப்பின் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் முதலாளியின் ஆபீசுக்குப் போனேன். மேஜை மேல் இரண்டு போன், ஒரு டீ, எடை போட்டுப் பார்த்த இறால் நாலைந்து ஒரு தட்டில். உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை.

"முதலாளி, டிரம்முல பிளீச்சிங் போட்டது நான். அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. அவன் கேட்டான், நான்தான் பொய் சொல்லி அனுப்பினேன்."

அவர் என்னைப் பார்த்தார். கோபமே இல்லை, இரக்கமாகப் பார்த்தார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏம்மா, முந்தின வருஷம் ஏரேட்டர் பெல்ட் அறுந்தப்ப நான்தான் கை வெச்சேன்னு நீ சொன்னே. அப்ப நீ மூணாம் குளத்துல வலை அலசிக்கிட்டிருந்ததை நானே பாத்தேன். செக் ட்ரே ரெண்டு காணாமப் போனப்பவும் நான்தான் தொலைச்சுட்டேன்னு நீ சொன்னே. அதுக்கப்புறம் அது அவன் விட்ட எடத்துலயே கெடந்துச்சு. நான் ஏதாவது கேட்டேனா? கேக்கல. எத்தனை நாளைக்குத்தான் அவனை இடுப்புலயே தூக்கிச் சுமப்பே?"

"ஐயோ, அது பொய் முதலாளி. இது நிஜம். சத்தியமா நான்தான்."

"சரிம்மா. நீதான். போய் டீ குடி."

என்ன சொல்லியும் ஏறவில்லை. டிரம்மைக் காட்டுகிறேன் வாருங்கள் என்றேன், எத்தனை கைப்பிடி என்று எண்ணிச் சொன்னேன், கொசுப்புழுவைப் பற்றிச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டு போயிற்று. புலி வருது, புலி வருது என்று நான் போட்ட கூச்சலுக்கெல்லாம் சேர்த்து அன்றைக்குப் பலன் கிடைத்தது. கண்ணாடிக்காரப் பெண்ணிடமாவது சொல்லலாம் என்று அவள் கூடத்துக்கு போன் போட்டேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யார் போட்டிருந்தாலும் இறாலுக்கு ஒண்ணுதானேம்மா" என்றாள். அவள் சொன்னதும் சரிதான்.

அறுபத்து மூன்றாம் நாள் குளத்து இறாலைப் பிடித்துவிட்டார்கள். இன்னும் விட்டுவைத்தால் இருப்பதும் போய்விடும். மதகைத் திறந்து தண்ணீரை வடித்து, வலை போட்டு இழுத்தார்கள். விரல் நீளம்கூட வராத இறால், பாதிக்குப் பாதி. தம்பிதான் முதலில் சேற்றில் இறங்கினான். பெட்டி பெட்டியாகத் தூக்கிக் கொடுத்தான். யாரோ ஒருத்தன், "இன்னிக்கு மட்டும் நத்தை வேகமா வேலை செய்யுதுடா" என்று சொல்லிச் சிரித்தான். நான் கையிலிருந்த கூடையை அவன் மேலேயே எறிந்தேன்.

எல்லாம் முடிந்து கரையில் நின்றபோது முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். தம்பியின் கையைப் பிடித்து, "மனசுல வெச்சுக்காதேப்பா" என்றார். உண்மையிலேயே வருத்தப்பட்டுத்தான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ இரும்மா. அறையை விட வேணாம். அடுத்த தடவை நாலாம் குளத்துக்கு நீயே கலந்து போடு. இந்தப் பண்ணையில சுத்தபத்தமா இருக்கறது நீ ஒருத்திதான்."

"மாட்டேன்" என்றேன். தம்பி என் முழங்கையைப் பிடித்து அழுத்தினான். "செய்வாங்க முதலாளி" என்றான்.

பத்து நாள் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். தண்ணீரை அன்றன்றைக்குப் புதிதாகப் பிடிக்க வேண்டும், பிளீச்சிங் போட்டுக் கழுவின வாளியை மூன்று தடவை அலசிக் காயவைக்க வேண்டும், தீவனத்தைப் பிசையக் கூடாது புரட்ட வேண்டும், கையில் ஒட்டினால் ஈரம் அதிகம். நான் அவசரப்படும்போதெல்லாம், "மெதுவாக்கா, மெதுவா" என்பான். ஒரு தடவை நுரை கட்டியதும் மூடியைத் திறந்து என் மூக்குக்கு நேரே காட்டினான். புளித்த வாசனை அடித்தது. நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவனுக்குப் பார்சல் ஆபீசில் மூட்டை இறக்கும் வேலை கிடைத்தது. அங்கே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருத்தர் நிற்பாராம். காலையில் போகிறவன் இருட்டிய பிறகுதான் திரும்புவான். தோள் வீங்கியிருக்கும். என்ன சொன்னார்கள் என்று கேட்டால், "வழக்கமா சொல்றதுதான்" என்பான். போய்ப் பேசட்டுமா என்று கேட்க என் நாக்கு துடிக்கும். கேட்பதில்லை. என் பேச்சை இனி எங்கே கொண்டுபோய் எதற்கு விற்பது?

நாலாம் குளத்தில் மறுபடி குஞ்சு விட்டோம். அவன் சொன்னபடியே எல்லாம் செய்தேன். அவன் மாதிரியே அடி அடியாக நடந்து போட்டேன். இறால் வளர்ந்தது. நூற்றைந்தாம் நாள் பிடிப்பு வைத்தார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கையை அடைத்தது. எனக்குச் சந்தோஷமே வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது.

பக்கத்துப் பண்ணைக்காரர்கள் நாலு பேர் பார்க்க வந்திருந்தார்கள். தம்பிக்கு அன்றைக்கு லீவு. எனக்குச் சாப்பாட்டு டப்பா எடுத்துக்கொண்டு வந்து கரையில் ஓரமாக நின்றான். முதலாளி ஒரு இறாலை எடுத்து அவர்களிடம் காட்டினார்.

"போன தடவை இவங்க தம்பி கெடுத்த குளம்யா இது. அக்கா கை பட்டதும் எப்படி நிமிந்துடுச்சு பாருங்க."

நாலு பேரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை பேர் முன்னால் சொன்னால் ஒருத்தராவது நம்பாமலா போவார்கள்?

"முதலாளி, அன்னிக்கு டிரம்முல பிளீச்சிங் போட்டது..."

"பாத்தீங்களா, ஆரம்பிச்சுட்டாங்க!" என்றார் முதலாளி. "இன்னிக்கு வரைக்கும் தம்பி பழியைத் தன் தலையில போட்டுக்கறதை விடல. இப்படி ஒரு அக்கா யாருக்குக் கிடைக்கும்?"

"இல்லீங்க, நிஜமாவே நான்தான், கேளுங்களேன்..."

எல்லோரும் சிரித்தார்கள். முதலில் சிரித்தது என் தம்பிதான்.